கடல் கொண்ட தொகுதி

1

இது கதையாகப் பிறக்கவில்லை. கட்டுரையாகப் பிறந்து, பாதிவழியில் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தது. இதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். பிறகு நீங்கள், தேர்தல் வரலாறு என்று சொல்லி எங்களை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டான் என்று குறை சொல்லக்கூடாது.

2001 டிசம்பர்த் தேர்தல் முடிந்து இரண்டு கிழமை கழித்துத் தங்கராசா செங்கலடியிலுள்ள என் வீட்டுக்கு வந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டிய, ஆனால் கடதாசி கிடைக்கிற மாதத்தில் மட்டும் வருகிற ஒரு சிற்றிதழுக்கு அவன் ஆசிரியன். எனக்குப் பழைய கூட்டாளி.

"தேர்தல் சிறப்பிதழ் போடப்போறன். நீ சரித்திரம் படிப்பிக்கிற ஆள். ஒரு கட்டுர தா."

"எதப் பத்தி?"

"எதப் பத்தியும். நம்மட ஊர்த் தேர்தலப் பத்தி மட்டும் எழுதிப்போடாத. எனக்கு ரெண்டு பிள்ளையள் இரிக்கி."

"அப்ப எந்த ஊர?"

"தூரத்து ஊர் ஒண்ட. நூறு வருசத்துக்கு மேல போன சங்கதியெண்டா இன்னும் நல்லம். ஒருத்தரும் துவக்கோட வந்து கேக்க மாட்டாங்க."

என்னிடம் அட்டை போன ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருக்கிறது. ஒரு நூலகம் கழித்துவிட்ட புத்தகக் கட்டுக்குள் கிடைத்தது. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஒரு காலத்தில் இருந்து பிறகு ஒழிக்கப்பட்ட தொகுதிகளைப் பற்றிய புத்தகம். அட்டை இல்லாததால் தலைப்பும் எழுதியவர் பெயரும் தெரியாது. அதைப் புரட்டி, டன்விச் என்ற ஊரில் விரலை வைத்தேன். என் கட்டுரையின் முதல் வசனம் இது: "டன்விச் என்பது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கடல் கொண்டுபோன ஒரு பட்டினம்." நல்ல வசனம். யாருக்கும் ஆபத்தில்லாத வசனம்.

அதே மேசையில், அந்தக் கட்டுரைத் தாளுக்குப் பக்கத்தில், நான் எழுதவேண்டிய ஒரு கடிதத்துக்கான வெள்ளைத் தாளும் கிடந்தது. அந்தக் கடிதத்தை எழுதப் பயந்துதான் கட்டுரைக்குள் போய் ஒளிந்தேன். கடிதம் யாருக்கு, ஏன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். தள்ளிப்போடுவதில் எனக்கு ஏழரை வருடப் பழக்கம்.

2

டன்விச்சின் வரலாறு.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அது பெரிய துறைமுகம். கப்பல்கள், சந்தை, தேவாலயங்கள், துறவி மடங்கள் எல்லாம் இருந்தன. அந்த நூற்றாண்டின் கடைசியில் பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பத் தொடங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் கடலும் தன் வேலையைத் தொடங்கியது. 1286இல் ஒரு புயல், அதற்குப் பிறகு இன்னும் சில. துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. பிறகு கடல் அவசரப்படாமல் ஒரு தெரு, ஒரு கோயில், ஒரு சந்தை என்று எடுத்துக்கொண்டு போனது.

ஊர் போனது. உறுப்பினர்கள் போகவில்லை. ஐந்நூறு வருடத்துக்கு மேலாக டன்விச் இரண்டு பேரை அனுப்பிக்கொண்டே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மிஞ்சியிருந்தது நாற்பது சொச்சம் வீடுகளும் பாதித் தேவாலயமும். வாக்காளர்கள் முப்பது பேரளவில். அவர்கள் யாருக்கு வாக்குப் போடுவது என்பதை இரண்டு குடும்பங்கள் கூடிப் பேசித் தீர்மானித்தன. புதிய பெருநகரங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாத காலத்தில், மீன்களுக்கு இரண்டு உறுப்பினர்கள். 1832இல்தான் ஒரு சட்டம் போட்டு இந்தக் கூத்தை நிறுத்தினார்கள்.

[அடிக்குறிப்பாக வரவேண்டியது: தேர்தல் நாளில் வாக்காளர்கள் தோணியில் ஏறி, பழைய நகர மண்டபம் மூழ்கிய இடத்துக்கு நேர்மேலே போய் நின்று வாக்களித்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது கட்டுக்கதை என்கிறது புத்தகம். மூழ்கிய கோயில்களின் மணியோசை கடலுக்கடியில் கேட்கும் என்பது இன்னொரு பேச்சு. இந்த இடத்தில் மட்டக்களப்புக்காரன் என்ற முறையில் எங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்லும் மீனை நான் கொண்டுவந்து நிறுத்தவேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். என் கதையில் மீன் பாடாது. பாடுகிற நிலைமையிலா அது இருக்கிறது?]

இதற்கு அடுத்ததாக ஒரு வசனம் எழுதினேன்: "செத்தவர்களுக்காக வாக்குப் போடுவது ஆங்கிலேயர்களுக்கு மட்டும் உரிய—" அதோடு பேனா நின்றுவிட்டது. எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். திரும்பி வந்து அந்த வசனத்தை வெட்டாமல் அப்படியே விட்டேன். நீங்களும் பாருங்கள்.

3

இனிமேல் தூரத்து ஊர் வேண்டாம்.

முதல் தொடக்கம்: "மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில்—" வேண்டாம். வாவி என்று தொடங்கினால் அடுத்த வசனத்தில் நிலா வந்து நிற்கும்.

இரண்டாவது தொடக்கம்: "சீதேவிக்கு ஒரே பிள்ளை." பொய். இரண்டு பெண்பிள்ளைகளும் உண்டு. கல்யாணம் முடித்து ஒருத்தி கரடியனாற்றிலும் ஒருத்தி கல்குடாவிலும் இருக்கிறார்கள். ஒரே பிள்ளை என்றால் உங்களுக்கு இரக்கம் கூடும் என்று நினைத்துவிட்டேன். மகன் ஒருவன்தான் என்பது மட்டும் உண்மை.

மூன்றாவது தொடக்கம்: "குருந்தஞ்சேனையில் வாக்காளர்கள் நானூற்றுப் பதினொரு பேர், ஆட்கள் நூற்றெண்பது பேர்." இது சரி. ஊரின் பெயரை மாற்றிவிட்டேன், கணக்கை மாற்றவில்லை.

குருந்தஞ்சேனை படுவான்கரைப் பக்கம். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் ஏறி, கறுத்தப்பாலத்துச் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போகவேண்டும். எண்பதுகளில் அங்கே ஒரு சின்னப் பாடசாலையில் ஆறு வருடம் படிப்பித்தேன். சாமித்தம்பிக்கும் சீதேவியக்காவுக்கும் பிறந்த அந்த ஒரே மகன் தவநேசன் என்னிடம் படித்தான். ஆண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுவான். இங்கிலாந்துக்காரரைப் போர்த்துக்கேயருக்கு முன்னால் கொண்டுவந்து இறக்குவான். தகப்பன் பாம்பு கடித்துச் செத்தபிறகு படிப்பை விட்டுவிட்டு வட்டைக்குப் போய், அவர்களுடைய இரண்டு ஏக்கர் வயலைச் செய்தான்.

1990இல் ஊர் முழுக்க எழும்பி ஓடி ஒரு முகாமில் கிடந்தது. ஒரு காலைப்பொழுது இராணுவத்தினர் முகாமை வளைத்து, ஆண்களை வரிசையில் விட்டு, முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடத்தினார்கள். சாக்கு தலையாட்டினால் ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் மறுபக்கம். தவநேசனுக்கு அது தலையாட்டியது. அவனுக்கு அப்போது இருபது வயது. ஏற்றிக்கொண்டு போன வாகனங்கள் திரும்பி வந்தபோது வெறுமையாக வந்தன.

சனங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, வாக்காளர் இடாப்பைத் திருத்தக் கிராம சேவகர் வினாயகமூர்த்தி வருடாவருடம் படிவத்தோடு வருவார். சீதேவியக்காவின் வீட்டில் என்ன நடக்கும் என்பதை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, தவநேசன்ட பேர இந்த முறை எடுக்கட்டா?"

"ஏன் எடுக்கணும்?"

"ஆள் ஊரில இல்லயே."

"வெளிய போயிரிக்கான். வருவான். வரக்குள்ள பேர் இல்லாட்டி, நீ எந்த ஊரான் எண்டு அவனப் புடிச்சிக் கேக்க மாட்டாங்களா?"

வினாயகமூர்த்தி பெயரை எழுதிக்கொண்டு போய்விடுவார். பெயரை எடுக்கச் சம்மதிப்பது கொள்ளி வைக்கச் சம்மதிப்பது போல. அந்த ஊரில் எந்தத் தாயும் சம்மதிக்கவில்லை. அப்படித்தான் நூற்றெண்பது பேர் இருந்த ஊரில் நானூற்றுப் பதினொரு வாக்காளர்கள் இருந்தார்கள். குருந்தஞ்சேனையைக் கடல் கொள்ளவில்லை. ஆனால் டன்விச் தோற்றுப்போகும்.

4

1994 ஆகஸ்ட் பதினாறு. பாராளுமன்றத் தேர்தல். அரசாங்கக் கட்டுப்பாட்டில் இல்லாத படுவான்கரை ஊர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, செங்கலடிக்குப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கொத்தணி வாக்களிப்பு நிலையம் வைத்திருந்தார்கள். ஒரு வகுப்பறைக்கு ஓர் ஊர். குருந்தஞ்சேனைக்கு ஒதுக்கிய வகுப்பறையில் நான் கடமையில் இருந்தேன். இடாப்பில் பெயரைத் தேடி, சத்தமாக வாசித்து, அதன்மேல் கோடு போடுவது என் வேலை.

காலை பதினொரு மணியிருக்கும். வாவிப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. வரிசை குறைவு. கதவடியில் ஒருவன் வந்து நின்றான். மெலிந்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது, ஆனாலும் எனக்கு உடனே தெரிந்தது. வெள்ளையில் நீலக்கோடு போட்ட அரைக்கைச் சேட்டுப் போட்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"சுகமா இரிக்கிங்களா, சேர்?"

நான் இடாப்பில் விரலை வைத்து வாசித்தேன். "இருநூற்றுப் பதினாலு. சாமித்தம்பி தவநேசன்."

அவன் இடது சின்னி விரலை நீட்டி மை வைத்துக்கொண்டான். சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனான். பெட்டிக்குள் போட்டுவிட்டு, வெளியே போகும் வழியில் என் மேசைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"அம்மா வருவா. வந்தா நான் நல்லா இரிக்கன் எண்டு சொல்லுங்க. இப்ப வீட்ட போக ஏலாது. போகக்குள்ள போவன்."

"எங்க இரிக்காய்?" என்று கேட்டேன்.

"தூரத்தில" என்றான்.

முற்றத்தில் நிறுத்தியிருந்த சைக்கிளில் ஏறி வந்தாறுமூலைப் பக்கமாகப் போனான். காற்றில் அவன் சேட்டு முதுகில் புடைத்திருந்தது. அவனை நான் என் கண்ணால் கண்டது சத்தியம்.

5

தங்கராசா கட்டுரை என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவன், இதுவரை எழுதிய தாள்களை வாங்கிப் படித்தான். நாலாம் பகுதியை இரண்டு தரம் படித்தான்.

"கட்டுர கேட்டன், கத தாறாய். பரவாயில்ல. இதோட நிப்பாட்டு. நல்ல முடிவு, சனத்துக்குப் புடிக்கும்."

"இது நடக்கல்ல" என்றேன்.

"கததானே."

"இல்ல, தங்கராசா. இது கதையில்ல. பொய்."

நாலாம் பகுதியில் காற்று வீசுவதைக் கவனித்தீர்களா? நான் பொய் சொல்லும்போதுதான் காற்று வீசும். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை. புழுக்கத்தில் சேட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. என் சேட்டு. தவநேசன் வரவில்லை.

நடந்தது இது. பகல் ஒன்றரை வரையில் குருந்தஞ்சேனையிலிருந்து அறுபது பேர்தான் வந்திருந்தார்கள். மிச்சப் பேரை ஏற்றிவந்த பஸ்ஸைக் கறுத்தப்பாலத்தில் மறித்துச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நான்கு பேர் உள்ளே வந்தார்கள். எந்தக் கட்சி என்று எழுதமாட்டேன். ஒருவன் சேட்டைத் தூக்கி வயிற்றைச் சொறிந்தான். அதற்காகத் தூக்கவில்லை, இடுப்பில் இருந்ததை நாங்கள் பார்ப்பதற்காகத் தூக்கினான்.

"சேர்மார் களைச்சிப்போனீங்க. சோடா குடியுங்க" என்று ஒரு பெட்டி சோடாவை மேசையில் வைத்தார்கள். கட்சி முகவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக் குடித்தார்கள். நானும் குடித்தேன்.

எங்கள் வகுப்பறைக்குத் தலைமை தாங்கியவர் ஏறாவூர் அப்துல் கபூர். நேர்மையான மனுசன். காட்டிக்கொடுக்கிறேன் என்று நினைக்கவேண்டாம், அவரும் பயந்தார், பயப்பட அவருக்குக் காரணம் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்தான் அவருடைய ஊரில் ஒரே இரவில் நடந்த படுகொலையில் பத்துப் பதினைந்து வீட்டுக்கு ஒரு மையத்து விழுந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"நான் தொழுதிட்டு வாறன், வாத்தியார்." பிறகு என் காதருகே குனிந்தார். "உசிரோட இரிக்கிறவன்ட வோட்டத் தொட உட்ராதீங்க. பின்னேரம் அவன் வந்து நிண்டா பிரச்சின வரும். வராத ஆக்கள் ஆரெண்டு ஒங்களுக்குத்தானே தெரியும்."

எனக்குத் தெரியும். ஆறு வருடம் படிப்பித்த ஊர்.

அந்தப் புத்தியை நான் மனதாரச் சரி என்று ஏற்றுக்கொண்டேன். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்கமுடியவில்லை. வாக்குப்பெட்டி எப்படியும் நிரம்பத்தான் போகிறது. நிரம்புவதானால் ஏழை எளியது பஸ்ஸில் இடிபட்டு வந்து, உன் வாக்குப் போட்டாயிற்று என்று கேட்டுத் திரும்பிப்போகக்கூடாது. அதனால் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இடாப்பில் கை வைக்குமுன் நான் கையை வைத்தேன். வரமாட்டாதவர்களின் பெயர்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்துத் தெரிந்தெடுத்துக் கொடுத்தேன். முதலில் வெளிநாட்டுக்குப் போனவர்கள். பிறகு, முகாமில் சாக்கு தலையாட்டியவர்கள். மொத்தம் இருபத்தேழு பேர். ஒருவருக்கும் நட்டமில்லை என்று நினைத்தேன். அந்தப் பெயர்களுக்கான சீட்டுகளை நால்வரும் பெட்டியில் போடப் போட, நான் ஒவ்வொரு பெயரின் மேலும் அடிமட்டம் வைத்து, கோணாமல், நேராகக் கோடு போட்டேன்.

[தங்கராசா இந்த இடத்தில் கேட்டான்: "அடிமட்டத்த எழுதத்தான் வேணுமா?" வேணும்.]

6

இப்போது சீதேவியக்கா வருகிறார். இந்தப் பகுதியை மூன்று தரம் கிழித்துப்போட்டு நாலாவது தரம் எழுதுகிறேன்.

மூன்றேகாலுக்கு அந்த பஸ் வந்து சேர்ந்தது. வேர்த்து ஒழுக, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாக்காளர் அட்டையை நீட்டினார். அவருடைய இலக்கம் இருநூற்றுப் பதின்மூன்று. அடுத்த வரி மகன். இடாப்பை அவர் பக்கம் தெரியாமல் சரிக்க மறந்துவிட்டேன். அவருக்குப் படிப்பு இரண்டாம் வகுப்பு வரையில்தான். ஆனால் வருடாவருடம் படிவத்தில் பார்த்துப் பார்த்து, மகனுடைய பெயரின் எழுத்துகள் தலைகீழாக இருந்தாலும் தெரியும்.

கோட்டைப் பார்த்தார். வாக்குப் போட்டவர்களுக்குத்தான் கோடு என்பது எல்லாத் தேர்தலிலும் வாக்குப் போட்ட அவருக்குத் தெரியும்.

"சேர்" என்றார். "வந்தவனா?"

அவ்வளவுதான் கேட்டார். யார் என் பிள்ளையின் வாக்கைப் போட்டது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். பெயரின்மேல் கோடு இருக்கிறது, ஆகவே பிள்ளை வந்திருக்கிறான். நாலு வருடமாக அந்தப் பெயரை இடாப்பில் காத்து வைத்திருந்தவருக்கு வேறு எப்படி யோசிக்க வரும்?

கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அந்த நால்வரில் ஒருவன் சோடா குடித்துக்கொண்டிருந்தான். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையாட்டினேன்.

எங்கள் பக்கத்தில் தொண்ணூறுக்குப் பிறகு தலையாட்டுவது என்றால் என்னவென்று உங்களுக்கு மூன்றாம் பகுதியில் சொல்லியிருக்கிறேன். முகத்தில் சாக்கு இல்லாமலே நான் அதைச் செய்தேன்.

சீதேவியக்கா வாக்குப் போடவில்லை. நீட்டிய சீட்டை வாங்காமல் வெளியே ஓடினார். வீதிவரைக்கும் ஓடி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பிவந்து சன்னலடியில் நின்றார்.

"என்ன சேட்டுப் போட்டிருந்தவன், சேர்? ரோட்டால போறாக்களிட்ட விசாரிக்க."

"வெள்ளையில நீலக்கோடு" என்றேன். "அரைக்கை."

அந்தச் சேட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன் நான் கதை எழுதியதில்லை. நான் சொன்ன முதல் கதை அதுதான். ஒரு வரியில், யோசிக்காமல், ஒரு சொல்லும் கூடுதலில்லாமல் வந்தது. அதற்குப் பிறகு இத்தனை கதை எழுதியும் அதைப்போல ஒருவரையும் நம்பவைக்க என்னால் முடியவில்லை.

அவர் மறுபடி ஓடிப்போனார். மேசையில் கிடந்த அவருடைய சீட்டைக் கதவடியில் நின்றவன் வந்து எடுத்துக்கொண்டான். இருபத்தெட்டு.

7

அதற்குப் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெதுவாகச் சொன்னால் எனக்கே இரக்கம் வரும், அது எனக்கு அழகில்லை.

காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு குழு வந்தது. அதற்கு முன்னால் குருந்தஞ்சேனைத் தாய்மார் எல்லோரும் அழுதார்கள். சீதேவியக்கா அழவில்லை. "என்ட மகன் காணாமப் போகல்ல. போன தேர்தலுக்கு வந்து வோட்டுப் போட்டவன். சேர் கண்டவர்" என்றார். அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். வாக்களித்த ஒருவரைத் தேடவேண்டியதில்லை. கோப்பை மூடினார்கள். சீதேவியக்கா சந்தோசமாகத் திரும்பிவந்து, எனக்கென்று ஒரு முட்டி எருமைத் தயிர் கொண்டுவந்தார். "நீங்க கண்டபடியாலதான் சேர், அவன்ட பேர அந்தப் பட்டியல்ல போடாம உட்டாங்க" என்றார். வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல தயிர்.

ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இன்னும் கொஞ்சம் கேட்டார். மெலிந்திருந்தானா, தாடி வளர்த்திருந்தானா, எதில் வந்தான், என்ன சொன்னான். ஒவ்வொரு முறையும் நான் இன்னும் கொஞ்சம் சொன்னேன். நாலாம் பகுதியில் நீங்கள் படித்தது அப்படி ஏழு வருடமாகச் சேர்ந்தது. "அம்மா வருவா" என்ற வசனம் 1997இல் சேர்த்தது. அந்த வருடம் அவர் நெருப்புக்காய்ச்சல் வந்து கிடந்தார், பார்க்கப்போன இடத்தில் சேர்த்தேன்.

தேர்தல் என்றால் ஊரில் எல்லோரும் ஒளித்துக்கொள்வார்கள். சீதேவியக்கா மட்டும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். முந்தின முறை தான் பிந்தி வந்ததால்தான் மகனைத் தவறவிட்டேன் என்பது அவருடைய கணக்கு. தொண்ணூற்றுநாலு நவம்பர், தொண்ணூற்றொன்பது, இரண்டாயிரம். வாக்குச்சாவடி திறக்குமுன் முற்றத்தில் நிற்பார். பூட்டியபிறகுதான் போவார். அவர் முற்றத்தில் நின்ற அந்தத் தேர்தல்களில் மகனுடைய பெயருக்கு ஒரு முறை கோடு விழுந்தது, இரண்டு முறை விழவில்லை. கோடு விழுந்த அன்றைக்கு, தான் தண்ணி குடிக்கப்போன நேரம் வந்திருப்பான் என்று சொன்னார். அதற்குப் பிறகு தண்ணி குடிக்கவும் போவதில்லை.

2001 டிசம்பரில் பாதையை மூடிவிட்டார்கள். படுவான்கரையிலிருந்து ஒருவரையும் வாக்களிக்க விடவில்லை. காலை ஆறு மணியிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை சீதேவியக்கா பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றாராம். பாதை திறந்ததும் என் வீட்டுக்கு வந்தார். கண்ணில் பூ விழுந்து, ஆளைச் சத்தம் வைத்துத்தான் மட்டுக்கட்டுகிறார்.

"நீங்க கடமைக்குப் போனதானே, சேர். வந்தவனா?"

நான் சொன்னது: "—

இந்த வசனத்தை முடிக்க மாட்டேன். நீங்கள் ஊகித்ததுதான்.

பிறகு அவர் தான் வந்த காரியத்தைச் சொன்னார். யுத்த நிறுத்தம் வரப்போகிறது என்று கதை. வெளிநாட்டுக்காரர் சிறையில் கிடப்பவர்களின் பெயர் எடுக்கிறார்களாம். "நீங்க கண்டத ஒரு கடிதமா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. எனக்கிட்டக் கண்டவங்க வேற ஒருத்தரும் இல்ல. நீங்க ஒராள்தான்."

பொங்கலுக்கு முன் தருகிறேன் என்றேன். அதுதான் என் மேசையில் கிடந்த வெள்ளைத் தாள்.

8

முடிவுகள்.

அ. கடிதத்தை எழுதுகிறேன். அவர் அதைப் பொலித்தீன் பையில் போட்டு மடியில் செருகிக்கொண்டு கொழும்புவரை போகிறார். ஒவ்வொரு வாசலிலும் காட்டுகிறார். கண்பார்வை மங்கின மனுசி, சிங்களம் தெரியாது, பஸ் மாறி மாறி ஏறுகிறார். இல்லாத சேட்டுக்காரனைத் தேடிச் சாகும்வரை அலைகிறார். நான் வீட்டில் இருந்து கதை எழுதுகிறேன்.

ஆ. உண்மையைச் சொல்கிறேன். இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் என்னை அடிக்கிறார். ஒன்றில் மன்னிக்கிறார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன், மன்னிப்பை எனக்கு நானே எழுதிக்கொள்ளும் அளவுக்கு இன்னும் கெட்டுப்போகவில்லை. மூன்றாவதில், "அப்ப தொண்ணூறிலிருந்து அவன ஒருத்தரும் காணல்லயா?" என்று கேட்கிறார். அதற்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னவுடன் தவநேசன் பதினொரு வருடத்துக்கு ஒரேயடியாகக் காணாமற்போவான். அதோடு, அவன் செத்துவிட்டான் என்றும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவன் வரவில்லை என்பது மட்டும்.

இ. தவநேசன் வருகிறான். இதைத் தங்கராசாதான் சொன்னான். "வந்தா என்ன? யுத்த நிறுத்தம் வருது. விட்டாலும் விடுவாங்க." எழுதிப் பார்த்தேன். வாசலில் ஒருவன் வந்து நிற்கிறான், சேட்டு என்ன நிறம் என்று எழுதவேண்டிய இடம் வந்தது. பேனாவை மூடிவிட்டேன்.

டன்விச் கட்டுரைக்கு முடிவு சுலபம். 1832, ஒரு சட்டம், எல்லாம் சரி. அங்கே கடல் கொண்டுபோன ஊரின் பெயரால் வாக்குப் போட்டவன் ஒருவனும் தாய் ஒருத்திக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை. அல்லது சொன்னானோ என்னவோ, அட்டை போன புத்தகத்தில் அது இல்லை.

எனக்குக் கோபம் வருகிறது. அந்த நால்வர்மேல் இல்லை. அவர்களில் இருவர் செத்துவிட்டார்கள், ஒருவன் கனடாவில். கபூர் சேர்மேலும் இல்லை, அவர் பிறகு தேர்தல் கடமைக்கே வரமாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். அந்தத் தைரியமும் எனக்கு வரவில்லை. நேர்க்கோடு போட்ட என்மேல்தான். ஒருவருக்கும் நட்டமில்லாமல் களவெடுக்கலாம் என்று நம்பின அந்தப் படித்த புத்திமேல்.

9

நாளைக்குப் பொங்கலுக்கு முதல்நாள். சீதேவியக்கா காலை பஸ்ஸில் வருவார்.

நான் தீர்மானித்துவிட்டேன். தீர்மானம் என்று அதைச் சொல்லக்கூடாது, கோழைத்தனம் என்றே சொல்லுங்கள். இந்தத் தாள்களை ஓர் உறையில் போட்டு ஒட்டி அவர் கையில் கொடுக்கப்போகிறேன். கடிதம் என்று நினைத்து வாங்கிக்கொள்வார். நான் இல்லை என்று சொல்லப்போவதில்லை. கொஞ்சம் பாரமாக இருக்கிறதே என்பார். விபரமாக எழுதியிருக்கிறேன் என்பேன்.

கொழும்புக்குப் போகுமுன், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பார்க்க அவருக்கு ஆசை வரும். யாராவது வாசிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோவார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம், அல்லது சந்தியில் கடை வைத்திருப்பவரிடம், அல்லது உங்களிடம். இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்தவர் நீங்கள்தான், ஆகவே உங்களிடம் என்றே வைத்துக்கொள்வோம்.

அவர் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து, சரி, வாசி என்பார். இங்கிலாந்தும் கடலும் அவருக்குத் தேவையில்லை, அதை நீங்கள் விட்டுவிடலாம். நாலாம் பகுதியை மட்டும் வாசிக்கலாம். அது தனியாகவே ஒரு கடிதம்போல இருக்கும். கடைசி வசனத்தில் சத்தியம்கூடப் பண்ணியிருக்கிறேன். தங்கராசா சொன்ன மாதிரி நல்ல முடிவு. வாசித்து முடித்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார், சேர் நல்ல மனுசன் என்பார். உங்களுக்கும் ஒரு முட்டி தயிர் கிடைக்கும்.

ஆனால் கண்பார்வை போன ஆளுக்குக் காது கூர்மை. நீங்கள் இரண்டு தாள்தான் புரட்டினீர்கள் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் கையிலிருக்கும் கட்டைத் தடவிப் பார்ப்பார்.

"மத்தத் தாளெல்லாத்திலயும் என்ன எழுதியிரிக்கி?" என்று கேட்பார்.